ஐஸ் ஹாக்கிக்கு நான் கண்டுபிடித்த அக்கரைக் கணக்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன கட்டினான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நடுவில் யாரும் புகுந்து குறைக்க மாட்டார்கள்.

ரங்கூனில், அலோன் ஆற்றங்கரையில் ஓர் ஐஸ் தொழிற்சாலை. அதன் கம்ப்ரஸரை இன்சீன் ரயில்வே பட்டறையின் பழைய இரும்பில் கண்டெடுத்தேன். பகுதி பகுதியாகப் பிரித்து, பெரிய சக்கரத்தை மட்டும் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தேன். டிக்கெட் பரிசோதகர், "இதுக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றார். "இது உட்காரலியே ஐயா, நின்னுக்கிட்டுத்தானே வருது" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எண்பத்தெட்டுப் போராட்டத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாளில் பழைய லாரி இன்ஜினுக்கு பெல்ட் மாட்டி அந்தக் கம்ப்ரஸரைச் சுற்ற வைத்தவன் நான். ஆஸ்பத்திரிக்கு ஐஸ் என் இடத்திலிருந்துதான் போயிற்று. அப்புறம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவுக்கு ஐஸ் ஏற்றிப் போக இரண்டு படகுகள். மூங்கில் குடிசை நின்ற இடத்தில் செங்கல் வீடு. பட்டம் வாங்கிய மூன்று மகள்கள். நம் கோயில் மண்டபத்தின் தகரக் கூரை.

கடைசியாக ஒன்று. உலகத்தில் எந்த நாடு ஐஸ் ஹாக்கிக்கு நல்ல ஆட்டக்காரர்களை உருவாக்குகிறது என்று அளக்க ஒரு கணக்கு.

முன்னே சொன்னதெல்லாம் என் பெயரில் இருக்கிறது. இந்தக் கடைசி ஒன்று மட்டும் வேறொருவர் பெயரில் இருக்கிறது. நம் கோயில் வாசகசாலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கண்ணாடி அலமாரியில் நீல அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம், பக்கத்தில் ஒரு சீட்டு: "நமது சயா அவர்கள் வகுத்த கணக்கைக் கொண்டு கனடாவில் அச்சான நூல்." சயா என்றால் நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். என் நண்பர். நல்ல மனுஷர். ஆனால் அந்தக் கணக்கை அவர் வகுக்கவில்லை. நான் வகுத்தேன். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஐஸ் ஹாக்கியை நான் முதலில் பார்த்தது எங்கள் முனைத் தேநீர்க்கடையில். கடைக்காரர் கூரையில் பெரிய தட்டு ஆன்டெனா வைத்த புதிது. கால்பந்து தேடித் திருகிக்கொண்டிருந்தவர் ஏதோ ஒரு சேனலில் நின்றுவிட்டார். கம்பளிப் பூச்சி மாதிரி சட்டைக்குள் பஞ்சு அடைத்த ஆட்கள், காலில் கத்தி கட்டிக்கொண்டு, ஒரு கறுப்பு வில்லையைத் துரத்துகிறார்கள். எல்லோரும் ஆட்களைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். "அந்த ஐஸ்ல காத்து இல்லை" என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. அதை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் ஒரு மைதானம் அளவுக்கு எடுத்திருந்தார்கள். அன்றைக்கே அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் கழித்து அந்தக் கனடாக்காரர் வந்து சேர்ந்தார். அலோனில் இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனிக்குக் குளிர் அறை மாட்ட வந்த மெக்கானிக். ஐம்பது வயது இருக்கும், கழுத்து சிவந்து கிடக்கும். மாட்டிய மூன்றாம் நாள் இயந்திரம் நின்றுவிட்டது. உள்ளே படகு படகாக இறால். ஓடி வந்தார். இருந்த கட்டிகள் அத்தனையும் கொடுத்தேன். இறால் பிழைத்தது.

மறுநாள் என் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். ஒரு கட்டியை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நானும் அப்படித்தான் கேட்பேன். பாம்பின் கால் பாம்பறியும். ஊரில் என்ன வேலை என்று கேட்டேன். துறைமுக இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் வரும், மீதியை சயா பர்மியத்திலும் தமிழிலும் கலந்து எடுத்துச் சொல்வார். கனடாக்காரர் தன் ஊரில் ஐஸ் ஹாக்கி மைதானத்துக்கு ஐஸ் போடுகிற வேலை பார்த்தவராம். "அப்போ நீயும் ஐஸ்காரன்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் என்னை ஊர்க்காரர்களைப் போலவே "ஊ யேகே" என்று கூப்பிட ஆரம்பித்தார். பர்மியத்தில் ஐஸ் பெரியவர் என்று அர்த்தம்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்குப் பெரிய லீக் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தரம், ஜூனில், எல்லாக் கிளப்புகளும் ஒரு மண்டபத்தில் கூடி, பதினெட்டு வயதை எட்டிய பையன்களை முறை வைத்துப் பொறுக்கும். டிராஃப்ட் என்று பேர். கனடாவில் இருந்து மட்டுமில்லை, பின்லாந்து, ஸ்வீடன், ரஷ்யா, செக், எங்கிருந்தும் எடுக்கலாம். நல்ல பையனை முன்னாலேயே மோப்பம் பிடித்துச் சொல்வதற்கு ஒவ்வொரு கிளப்பிலும் ஆட்கள் உண்டு. தானும் அப்படி ஓர் ஆளாக வேண்டும் என்பது இவர் ஆசை. இவர் ஐஸ் போட்ட கிளப்பின் தலைவர் சொல்லியிருந்தாராம்: "எந்த நாட்டுப் பக்கம் பார்க்கணும்னு ஒரு அறிக்கை எழுதிக் கொண்டா. பிரயோஜனமா இருந்தா வேலை தர்றேன்." அதற்காக இரண்டு பெட்டி நிறைய பட்டியல் புத்தகங்களை ரங்கூன் வரை தூக்கிக்கொண்டு வந்திருந்தார் மனுஷர்.

ஒரு நாள் சாயங்காலம் தேநீர்க்கடையில் என்னைக் கேட்டார், "ஊ யேகே, எந்த நாடு முதல்ல வரும்? உங்க எண்ணம் என்ன?"

சுவரில் கப்பல் கம்பெனி காலண்டர். அதில் உலக மேப். கனடா தலைமாட்டில் அகலமாகக் கிடந்தது. "இதுல என்ன சந்தேகம்? கனடாதான்" என்றேன். "எவ்வளவு பெரிய நாடு! ஜனம் ஜாஸ்தி, பையங்க ஜாஸ்தி."

சயாவுக்குக் குடித்த தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது.

"ஏம்பா யேகே! கனடாவுல பர்மாவை விடக் குறைஞ்ச ஜனம்பா! மேப்புல காலை நீட்டிப் படுத்திருந்தா ஜனம் ஜாஸ்தியா?"

கடை முழுக்கச் சிரிப்பு. ஒரு வாரத்துக்கு என்னை விடவில்லை. படகோட்டி ஒருத்தன், "யேகே அண்ணே, மேப்புல கடல் அதைவிடப் பெருசா இருக்கே, அங்கே எத்தனை கோடிப் பேரு?" என்றான். வீட்டுக்காரியின் காது வரை போய்விட்டது. "ஐஸை வித்தோமா வந்தோமான்னு இருக்கக் கூடாதா? நாடு நாடா எடை போடுற வேலை எதுக்கு?" என்றாள்.

எனக்கு ரோஷம். ஆனால் ரோஷத்தை விட வெட்கம். ஏன் தெரியுமா? அளவைப் பார்த்து ஏமாறாதே என்பதுதான் ஐஸ் தொழிலில் முதல் பாடம். நானே ஏமாந்திருந்தேன்.

எங்கள் தொழிலில் இரண்டு தரம் அளப்பது வழக்கம். தொழிற்சாலை வாசலில் ஒரு தரம், ஆற்றைத் தாண்டி டாலா கரையில் இறக்கும்போது ஒரு தரம். வெட்டு வெட்டாகக் கோடு போட்ட மூங்கில் ஒன்று இருக்கும், அதைக் கட்டியின் மேல் வைப்போம். டாலா மீன்காரர்கள் வாசல் அளவைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அக்கரை அளவுதான் அளவு. அந்தக் காலத்தில் எனக்குப் போட்டியாக ஒருவர் இருந்தார். அவர் கட்டி என் கட்டியை விடப் பெரியது. வாசலில் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். ஆனால் உள்ளே காற்று, கரையாமல் இருக்க மேலே கொட்டுகிற உமியிலும் கஞ்சத்தனம். அக்கரையில் இறக்கும்போது என் கட்டி அவர் கட்டியை விட இரண்டு வெட்டு உயரமாக நிற்கும். அவர் தொழிலை விட்டுப் போனார். நான் இருக்கிறேன்.

இது தெரிந்த நான் மேப்பைப் பார்த்து நாட்டை அளந்தேனே!

இதற்கிடையில் கனடாக்காரர் தன் அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டார். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேரை டிராஃப்டில் பொறுக்கினார்கள் என்று வருஷவாரியாக எண்ணி, கனடா முதல், அப்புறம் இன்னின்ன நாடு என்று வரிசை போட்டிருந்தார். பதில் ஒரே வரியில் வந்தது. "இது எங்களுக்கே தெரியும்." சயா அதை மொழிபெயர்த்தபோது கனடாக்காரர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிர் அறை வேலையும் அந்த வாரத்தோடு முடிந்தது. அறிக்கை வேண்டுமானால் மழைக்காலம் முடிவதற்குள் இன்னொரு தரம் அனுப்பலாம் என்று கிளப் சொல்லியிருந்தும் அவருக்கு மனசு விட்டுப் போயிற்று. இரண்டு பெட்டிகளையும் என் ஐஸ் கிடங்கில் இறக்கி வைத்தார். "கட்டி சுத்த உபயோகப்படும், ஊ யேகே" என்றார். விமானம் ஏறிப் போய்விட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு கட்டியைச் சுற்றினேன். ஒரே ஒரு கட்டி. சுற்றும்போது அந்தத் தாளில் பொடிப்பொடியாகக் கட்டங்கள் தெரிந்தன. அவர் பட்டபாடு இதில் இருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. பிரித்து உலர்த்தினேன். அந்த ஈரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷர் படகில் ஏற்றிய கட்டியை மட்டும் எண்ணியிருக்கிறார்! டிராஃப்ட் என்பது படகில் ஏற்றுவது. அதற்கு முன்னால் வாசல் இருக்கிறது, அந்த நாட்டில் மொத்தம் எத்தனை பையன்கள் ஆடுகிறார்கள் என்பது. அதற்கு அப்புறம் அக்கரை இருக்கிறது, பொறுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே பெரிய லீக்கில் இறங்கி ஆடினார்கள் என்பது. வாசலையும் அக்கரையையும் எண்ணாமல் ஐஸ்காரன் பேசலாமா?

மறுநாள் காலை சயா வீட்டுக்கு ஓடினேன். "சயா, அந்தப் புத்தகத்துல எத்தனை பேர் ஆடுறாங்கன்னு இருக்கா?"

"பின்பக்கத்துல நாட்டுக்கு நாடு இருக்கு."

"பொறுக்கின பையன் அப்புறம் எத்தனை ஆட்டம் ஆடினான்னு இருக்கா?"

"பேருக்குப் பக்கத்திலேயே இருக்கு. ஏன், உனக்கு இன்னும் மேப்பு பத்தலியா?"

"நீங்க படிங்க. நான் கோடு போடறேன்."

மழைக்காலத்தில் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸுக்கு வேலை இல்லை. கிடங்கு காலி. கிழக்குச் சுவர் பூராவும் எனக்குப் பலகை. மத்தியானமானால் சயா குடையோடு வருவார். சுரைக்காய் பஜ்ஜியும் தேநீரும் என் செலவு. அவர் உமி மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பட்டியலைப் படிப்பார். பேர், நாடு, ஆடினானா இல்லையா. நான் அளவு மூங்கிலைச் சுவரில் வைத்து கரியால் கோடு இழுப்பேன். நாட்டுக்கு மூன்று வரிசை. மேலே வாசல். நடுவில் படகு. கீழே அக்கரை. வாசல் வரிசையில் இத்தனை ஆயிரம் பையனுக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொண்டோம், இல்லாவிட்டால் சுவர் ஆற்றுக்குள் போய்விடும்.

முதல் நாலு நாள் சயா கேலி. "இந்தியாவுல ஒருத்தனும் இல்லை, பர்மாவுலயும் ஒருத்தனும் இல்லை. நம்ம கரைவு எவ்வளவுப்பா?"

"கட்டியே போடலியே சயா, கரையறதுக்கு?"

ஐந்தாம் நாள் கேலி நின்றது. கனடாவின் வாசல் வரிசை மூலையைத் தாண்டி, கதவைத் தாண்டி, அடுத்த சுவருக்குப் போயிற்று. அமெரிக்காவும் அதற்குச் சளைக்கவில்லை. பின்லாந்து வரிசை என் கை நீளத்துக்கு வந்து நின்றுவிட்டது. சயா சொன்னார், பின்லாந்து முழுக்க எண்ணினாலும் கிட்டத்தட்ட நம் ரங்கூன் ஜனம்தானாம். செக்கோடு சேர்ந்திருந்து பிரிந்துபோன ஸ்லோவாக்கியாவின் வாசல் வரிசை என் முழங்கை வரைக்கும்கூட இல்லை. ஆனால் கீழே அக்கரை வரிசையைப் பார்க்க வேண்டுமே! முழங்கை அளவு வாசலில் இருந்து அத்தனை கட்டி டாலா போய்ச் சேர்ந்திருக்கிறது! ரஷ்யா அத்தனை பெரிய தேசம், வாசல் வரிசை நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை, அக்கரையோ நிறைய. கனடா, எண்ணிக்கையில் என்றைக்கும் முதல்தான், அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் வாசலுக்கு அக்கரையை வைத்துப் பார்த்தால், கரைந்தது அங்கேதான் ஏராளம்.

சயா எழுந்து நின்று இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்பா இப்படி?" என்றார். முதல் தடவையாக என்னைக் கேட்டார், கவனியுங்கள். அதுவரை எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

"கட்டி கொஞ்சமா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் உமி கொட்டிச் சாக்குல கட்டலாம். மலையாக் குவிஞ்சிருந்தா வெயில்ல கிடக்கும், போறது போகட்டும்னு விட்டுடுவான். நான் நினைக்கிறது அவ்வளவுதான் சயா. கோடு கோடுதான், காரணம் என் யூகம்."

அவர் விடவில்லை. வாத்தியார் அல்லவா? "அப்போ இதோ இந்த நாட்டுல ஒரே ஒருத்தனைப் பொறுக்கினாங்க, அவனும் ஆடிட்டான். ஒண்ணுக்கு ஒண்ணு. கரைவே இல்லை. உன் கணக்குப்படி இவன்தானே உலகத்துல முதல்?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பதில் கிடைத்தது. "ஒரு கட்டியை மடியில வெச்சுக்கிட்டு எவனும் ஆத்தைத் தாண்டிடலாம் சயா. அது வியாபாரம் இல்லை. படகு நிரம்ப ஏத்தினவனுக்குத்தான் இந்தக் கணக்கு." அப்படிச் சில்லறையாக இருந்த நாடுகளை எல்லாம் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். சயா தலையை ஆட்டினார். "இதை நான் ஒத்துக்கறேன்" என்றார். அவர் ஒத்துக்கொண்டது என் ஐஸ் கிடங்கில், என் சுவருக்கு முன்னால்.

பிறகு கனடாக்காரருக்குக் கடிதம். மழை விட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஐந்து தாள், இரண்டு பக்கமும். இங்கிலீஷ் சயாவுடையது. முத்து முத்தாக எழுதினார். ஒவ்வொரு தாளையும் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். இரண்டு இடத்தில் வாசலும் படகும் மாறியிருந்தது, நான் திருத்தினேன். கடைசித் தாளில் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். எங்கள் அப்பா காலத்திலிருந்தே மனு எழுதிக் கொடுப்பவர்கள் கீழே இடது பக்கம் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வலது பக்கம் மனுவுக்கு உடையவனிடம் பேனாவைக் கொடுப்பார்கள். அது எங்கள் ஜனங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நான் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவுக்குக் காத்திருந்தேன். சயா தாளை மடித்தார். உறையில் போட்டார். நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினார். இங்கிலீஷ் கடிதத்துக்கு ஒரு கையெழுத்துதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இன்சீன் பட்டறையில் இரும்புக் குவியலுக்கு முன்னால் நின்று துணிந்து பேரம் பேசியவன், ஒரு பேனாவைக் கேட்கக் கூச்சப்பட்டேன்.

மாதங்கள் போயின. ஒரு நாள் சயா பேருக்கு ஒரு பொட்டலம். தேநீர்க்கடைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே அந்த நீல அட்டைப் புத்தகம், கூட ஒரு கடிதம். சயா எழுந்து நின்று படித்துச் சொன்னார். எங்கள் கணக்கை வைத்துக் கனடாக்காரர் திருப்பி எழுதிய அறிக்கை கிளப்புக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதைப் புத்தகமாக அச்சுப் போட்டிருக்கிறார்கள். கனடாக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டது. இனி வருஷத்தில் பாதி நாள் பின்லாந்திலும் ஸ்லோவாக்கியாவிலும் பையன்களைப் பார்த்துக்கொண்டு திரிவார். கடை முழுக்கக் கைதட்டல். கடைக்காரர் எல்லோருக்கும் தேநீர் தன் கணக்கில் என்றார், அவர் ஜென்மத்தில் சொல்லாத வார்த்தை. கடல் ஜனத்தொகை கேட்ட அந்தப் படகோட்டி என் காலைத் தொட்டான். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. அந்தக் கம்ப்ரஸர் முதல் நாள் சுற்றியபோதுகூட அப்படி நிமிரவில்லை.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்தில் எனக்கு அடையாளம் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். லைசென்ஸில் பார்த்துப் பார்த்து அதன் உருவம் மனசில் நிற்கிறது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். இல்லை. முதல் பக்கத்தில் ஒரு பெயர் தனியாக இருந்தது. அந்த உருவமும் எனக்குத் தெரியும். கோயில் நன்கொடைப் பலகையில் என் பெயருக்கு மேலே இருக்கிற பெயர். சயாவின் பெயர்.

புத்தகத்தை மூடி சயாவிடமே கொடுத்தேன். சந்தோஷமான நாளில் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஜூனில் டிராஃப்ட். அங்கே முந்தின நாள் சாயங்காலம் நடப்பது நமக்கு மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். நல்ல மழை. கடைக்காரர் கூரையில் ஏறி ஆன்டெனாவின் மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டிருந்தார். மொகிங்கா மீன்குழம்பு அண்டாவிலிருந்து ஆவி, டிவியில் பாதிப் படம் பாதிப் புள்ளி. பெரிய மண்டபம், கிளப்புக்கு ஒரு மேஜை. ஒவ்வொரு கிளப்பாக மேடைக்குப் போய்ப் பேர் சொல்கிறார்கள். நம் கனடாக்காரரின் கிளப் முறை வந்தது. அந்த மேஜையைக் காட்டினார்கள்.

"அடே! நம்மாளுடா!"

கோட்டும் டையுமாக, அதே சிவந்த கழுத்து. தாளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பக்கத்து ஆள் எழுந்து மேடைக்குப் போனார். சயா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்தார். பேர் சொன்னார்கள். சயா திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்லோவாக்கியாப்பா."

முழங்கை அளவு வரிசை! என் சுவரில், என் மூங்கிலில், நான் கரியால் இழுத்த அந்த வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, அம்மாவைக் கட்டிப் பிடித்துவிட்டு மேடைக்கு நடந்து போகிறான். உலகமே பார்க்கிறது. அலோன் ஆற்றங்கரையில் மூன்றாம் வகுப்புக்காரன் போட்ட கோடு அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அப்போது பின்னால் ஒருத்தன் கத்தினான், "சயா கணக்கு ஜெயிச்சிடுச்சு!"

கடையே அதைப் பிடித்துக்கொண்டது. சயாவின் தோளைத் தட்டினார்கள். அந்த வாரமே கோயில் கமிட்டி புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துச் சீட்டு ஒட்டியது.

சயாவிடம் நேரிலேயே கேட்டேன். மறைத்துப் பேசுகிறவன் இல்லை நான்.

"சயா, கணக்கு யாரோடது?"

"உன்னோடதுதான். இல்லைன்னு நான் எங்கேயாவது சொன்னேனா?"

"சொல்லலை. ஆனா என்னோடதுன்னும் சொல்லலியே!"

"கடுதாசி எழுதினவன்தானே கையெழுத்துப் போடணும்? அவன் பேரைப் பார்த்தான், போட்டுட்டான். இப்போ நானா போய் எனக்கு வந்த மரியாதை எனக்கில்லைன்னு தமுக்கு அடிக்கணுமா? பென்ஷன் வாங்கின நாள்ல இருந்து என்னை எவன் திரும்பிப் பார்த்தான், சொல்லு!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்புறமும் தினம் சேர்ந்துதான் தேநீர் குடிக்கிறோம். பஜ்ஜி இப்போது அவர் செலவு. அதை அவர் ஏன் செய்கிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கனடாவுக்கு எழுதச் சொல்லி என் மகள்கள் நச்சரிக்கிறார்கள். எழுத மாட்டேன். கனடாக்காரர் தப்புச் செய்யவில்லை. கையெழுத்தைப் பார்த்தார், நம்பினார். என் கணக்கு அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, எங்கோ ஒரு ஊரில் ஒரு தாயைச் சிரிக்க வைத்தது. அந்த மட்டில் கடல் தாண்டி எனக்கு வர வேண்டியது வந்துவிட்டது. எனக்குப் பாக்கி நிற்பது இங்கே, என் ஜனங்களிடம்.

சாட்சி வேண்டுமென்றால் என் கிடங்குக்கு வாருங்கள். வருஷா வருஷம் தீபாவளிக்குக் கிடங்கு முழுவதும் சுண்ணாம்பு அடிக்கிறேன், அந்த இரண்டு சுவருக்கு மட்டும் அடிப்பதில்லை. டாலாவை அடித்துப்போட்ட பெரும்புயலில் என் கூரை பறந்தது, ஒரு படகு போயிற்று. முதலில் நான் ஓடிப் போய்த் தார்ப்பாய் போட்டு மூடியது அந்தச் சுவரைத்தான். கனடா வரிசை இன்னும் கதவைத் தாண்டிப் போகிறது. ஸ்லோவாக்கியா இன்னும் என் முழங்கைக்கு உள்ளேதான் இருக்கிறது. அளவு மூங்கிலைத் தருகிறேன், வைத்துப் பாருங்கள்.

ஆகவே கோயில் கமிட்டிக்குச் சொல்கிறேன். மண்டபத்துக்குக் கூரை போட்டவன் என்ற உரிமையில் கேட்கவில்லை. கணக்குப் போட்டவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அலமாரியைத் திறங்கள். இருக்கிற சீட்டைக் கிழிக்க வேண்டாம். சயாவின் இங்கிலீஷ் இல்லாவிட்டால் என் கோடு சுவரோடு நின்றிருக்கும், அவர் பெயர் அங்கேயே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், வலது பக்கத்தில், இன்னொரு சீட்டு ஒட்டுங்கள். கணக்கு யாருடையது என்று அதில் எழுத வேண்டும். என் முழுப் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. சயாவையே எழுதச் சொல்லுங்கள், அவர் எழுத்துதான் அழகு. எழுதி முடித்ததும் அவர் பேனாவை மூடிவிடக் கூடாது. என் கையில் கொடுக்க வேண்டும்.